தூசின் எடை தெரியும், நஞ்சு?

திருவெம்பாவைக் காலம். நாலரை மணிக்கே கோயில் மணி கேட்டுவிட்டது. ஆறு மணிக்கு முற்றத்துக்கு வந்து பார்த்தால் வளவின் மறுகரையில் நிற்கும் பனைகளுக்குத் தலையைக் காணவில்லை. அடிமரம் தெரிகிறது, அதற்கு மேல் வெளிறிய சாம்பல் நிறம். எங்கள் தீவுக் கிராமமான புளியங்கூடலில் வாடைக்காலத்துப் பனிமூட்டம் புதிதல்ல. ஆனால் பனிக்கு மணம் இல்லை, இதற்கு இருந்தது. ஈரக் காவோலை எரியும் மணம், அதன் அடியில் எங்கோ உருகும் பொலித்தீனின் மெல்லிய நாற்றம்.

குசினிக்குள் பெரியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த பனைமட்டை தீப்பிடிக்க மறுத்தது. கூரை ஓட்டு இடுக்குகளால் வெளியேற முடியாத புகை, ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கி நின்றது. நகரத்தில் இருந்து வந்திருந்த பேரன் வாசலில் நின்றபடி கைபேசியைக் காட்டினான். யாழ்ப்பாணத்துக்கு நேரே சிவப்பு நிறம்.

"உந்தப் போன் என்ன மோனை சொல்லுது?"

"காத்து கூடாதாம் அம்மம்மா. வெளியில போகவேண்டாமாம்."

"வெளியில ஆர் போறது?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஊதினார்.

அந்தச் சிவப்பு நிறம் பண்ணைத் தாம்போதிக்கு அப்பால், நகரத்துக் காற்றுக்கு உரியது. பெரியம்மாவின் முகத்துக்கு அரை முழம் முன்னால் இருந்த காற்றுக்கு நிறமும் கிடையாது, எண்ணும் கிடையாது. சரி, எண் இருந்தால்கூட அது என்ன சொல்லும்? ஒரு கன மீற்றர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசு என்று எடையைச் சொல்லும். அந்தத் தூசு உப்பா, மண்ணா, டீசல் கரியா, எரிந்த பொலித்தீனா என்று சொல்லாது. ஒரே எடைச் சீனியும் நச்சு அலரிக்கொட்டையும் தராசுக்கு ஒன்றுதான்.

பள்ளிக்கூடங்களை மூடிய காற்று

காற்றின் தூசு பற்றிய பேச்சு நம்மிடையே பரவலாகத் தொடங்கிய நாளைச் சொல்லலாம். 2022 டிசம்பர் 9. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்றிருந்தது. அது மாமல்லபுரம் அருகே கரையேறுவதற்கு முன்பே, இந்தியப் பக்கத்து அழுக்குக் காற்றை இலங்கை மீது இழுத்துவிட்டது. யாழ்ப்பாணம், கொழும்பு உட்படப் பல நகரங்களில் காற்று ஆரோக்கியமற்ற நிலைக்குப் போனதால், நாடு முழுவதும் அரசாங்கப் பாடசாலைகள் அன்று மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. மாடுகள் செத்தது நினைவில் நிற்கிறது; காற்றின் கதையை ஒரு வாரத்தில் மறந்தோம்.

ஆனால் அந்த அழுக்குக் காற்று ஒருநாள் விருந்தாளி அல்ல. ஒக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் எரிகிறது. கங்கைச் சமவெளி முழுவதும் விறகடுப்பு, செங்கற்சூளை, நிலக்கரி, டீசல். குளிர்காலத்தில் இந்தப் புகை மேலெழ முடியாமல் தாழப் படிந்து, வங்காளத்தின் வாசலால் விரிகுடாவில் இறங்கி, வாடைக்காற்றில் ஏறித் தெற்கே வருகிறது. 1999 இல் வீரபத்திரன் ராமநாதன், பால் குருட்சன் ஆகியோர் முன்னின்று நடத்திய இந்து சமுத்திர ஆய்வு, இந்தத் தவிட்டு நிறப் படலத்தை மாலைதீவு வரை பின்தொடர்ந்தது. பத்து ஆண்டுகளின் பின், 2009 இல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்தக் கரியின் வயதைக் காபன் 14 முறையால் சோதித்தார்கள். காபன் அடங்கிய தூசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விறகு, சருகு, வைக்கோல் போன்றவை எரிந்து வந்தது எனத் தெரிந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளையே குறைசொல்லிப் பழகியவர்களுக்கு அது சங்கடமான செய்தி.

▪ பெட்டிச் செய்தி: எண்களைப் படிக்க

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்த விட்டமும் கொண்ட துகள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒன்று.

24 மணிநேரச் சராசரிக்கான எல்லை (ஒரு கன மீற்றருக்கு மைக்ரோகிராமில்): உலக சுகாதார நிறுவனம் 15, இலங்கை 50, இந்தியா 60.

ஆண்டுச் சராசரிக்கான எல்லை: உலக சுகாதார நிறுவனம் 5, இலங்கை 25, இந்தியா 40.

வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 10 முதல் 12 கன மீற்றர் வரை காற்றை உள்ளிழுக்கிறார். இலங்கை எல்லையான 50 என்ற அளவில், ஒரு நாள் மூச்சில் போகும் தூசு அரை மில்லிகிராம் அளவுதான்: பத்துத் துணிக்கை தூளுப்புக்கும் காணாது.

உருக்காலை மூடிய பதின்மூன்று மாதம்

அரை மில்லிகிராம் தூசு ஓர் ஆளை என்ன செய்துவிடும்? இந்தக் கேள்விக்கு விடை சொன்ன இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கு ஒன்று. அங்கே ஜெனீவா ஸ்டீல் என்ற உருக்காலை 1986 ஓகஸ்ட்டில் தொழில் தகராறால் மூடப்பட்டது. பதின்மூன்று மாதம் கழித்துத்தான் திறந்தது. ஆர்டன் போப் என்பவர் வைத்தியர் அல்ல, பொருளியலாளர். அவர் வைத்தியசாலைப் பதிவேடுகளைப் புரட்டினார். ஆலை இயங்கிய குளிர்காலங்களில், மூச்சுக்குழாய் நோய்களுடன் அனுமதிக்கப்பட்ட குழந்தைகளின் தொகை, மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு.

கதையின் அருமையான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. ஆலை மூடுவதற்கு முந்திய, மூடியிருந்த, மீண்டும் திறந்த மூன்று ஆண்டுகளிலும் காற்றை உறிஞ்சித் தூசைப் பிடித்த வடிதாள்களை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ கியோ, ரொபேர்ட் டெவ்லின் இருவரும் அவற்றைக் கழுவிச் சாறு எடுத்தார்கள். ஆலை இயங்கிய ஆண்டின் தூசும் மூடியிருந்த ஆண்டின் தூசும் சம எடை. தன்னார்வலர்களின் நுரையீரலுக்குள் குழாய் வழியே அந்தச் சாற்றை விட்டுப் பார்த்தார்கள். ஆலை இயங்கிய காலத்துத் தூசு அழற்சியைக் கிளப்பியது. மூடியிருந்த காலத்துத் தூசு அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. வித்தியாசம் உலோகங்களில் இருந்தது: இரும்பு, செம்பு, துத்தநாகம். (துத்தநாகத்துக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் ‘நாகம்’ என்றே பெயர். விஷயம் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.)

2001 இல் வெளியான அந்த முடிவு, எடை மட்டும் போதாது என்பதை மனித நுரையீரலிலேயே காட்டிவிட்டது.

வாழைக்காயும் தேசிக்காய்ப் புளியும்

நஞ்சை எப்படி அளப்பது? ஒவ்வொரு ஊர்த் தூசையும் ஆட்களின் நுரையீரலில் ஊற்றிப் பார்க்க முடியாது. இதற்கு ஆய்வுகூடத்தில் ஒரு சுருக்குவழி இருக்கிறது. அதன் சூட்சுமம் நம் குசினியிலேயே கிடக்கிறது.

வாழைக்காயை வெட்டி வைத்தால் கறுக்கும். காற்றின் ஒட்சிசன் செய்யும் வேலை அது. தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரில் போட்டால் கறுப்பது தள்ளிப்போகும். புளியில் உள்ள விற்றமின் சி தன்னைப் பலிகொடுத்துக் காயைக் காக்கும். நம் நுரையீரலின் உட்சுவரிலும் இப்படி ஒரு மெல்லிய நீர்ப்படை இருக்கிறது. அதிலும் விற்றமின் சி உண்டு, வேறு காவலர்களும் உண்டு. தூசு வந்து விழும்போது அதிலுள்ள உலோகமும் கரியில் ஒட்டிய சேர்மங்களும் இந்தக் காவலர்களைத் தின்று தீர்க்கின்றன. காவல் தீர்ந்த இடத்தில் கலங்கள் வேகத் தொடங்கும். அழற்சி அங்கே பிறந்து, இரத்தத்தோடு இருதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. தூசைச் சுவாசித்தவர்கள் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறப்பதற்கு இது முக்கியமான வழிகளில் ஒன்று.

ஆய்வுகூடத்தில் செய்வதும் இதே விளையாட்டுத்தான். வடிதாளில் பிடித்த தூசின் சாற்றை, உடம்பின் வெப்பமான 37 பாகையில், விற்றமின் சி அல்லது டைதயோத்ரெயிட்டோல் என்ற சேர்மத்தோடு கலக்கிறார்கள். அது எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று பார்க்கிறார்கள். வேகம் கூடினால் நஞ்சும் கூட. இதற்கு ‘ஒட்சியேற்ற ஆற்றல்’ என்று பெயர். இதை ஒரு மைக்ரோகிராம் தூசுக்கு இவ்வளவு என்றும் சொல்லலாம், ஒரு கன மீற்றர் காற்றுக்கு இவ்வளவு என்றும் சொல்லலாம். முதலாவது தூசின் குணம், இரண்டாவது நாம் உண்மையில் வாங்கும் அடி.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்தவர்கள் கண்டது என்ன? சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தை மையமாகக் கொண்ட ஆய்வு 2020 இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஐரோப்பாவில் தூசின் எடையைக் கூட்டுபவை ஒரு வகை, நஞ்சைக் கூட்டுபவை இன்னொரு வகை என்று அது காட்டியது. வீடுகளில் எரியும் விறகும், வாகனங்களின் பிரேக் போன்ற பாகங்கள் தேய்ந்து பறக்கும் உலோகத் துகளும்தான் நஞ்சில் முன்னுக்கு நின்றன. மண் தூசுக்கு எடை இருந்தது, நஞ்சு அவ்வளவு இல்லை.

நமக்கு இன்னும் கிட்டியது கொல்கத்தா. அந்த நகரத்துப் போஸ் நிறுவனத்தில் அபிஜித் சட்டர்ஜி குழுவினர் செய்த ஆய்வு 2025 இல் செய்தியானது. பி.எம். 2.5 கூடக்கூட நஞ்சும் படிப்படியாக ஒரே சீராக ஏறவில்லை. ஏறத்தாழ 70 மைக்ரோகிராமைத் தாண்டியதும் ஒரே தாவாகத் தாவியது. தாவலுக்கு முக்கிய காரணம் விறகும் குப்பையும் எரிப்பது. இலங்கையின் நாளாந்த எல்லை 50 என்பதை நினைவில் வையுங்கள்; அந்தத் தாவல் தொடங்கும் இடத்துக்கு நாம் சட்டப்படியே வெகு தூரத்தில் இல்லை. கொல்கத்தாவின் காற்றும் வாடையில் விரிகுடாவைக் கடக்கிறது என்பது கூடுதல் செய்தி.

சோளகத்தில் உப்பு, வாடையில் புகை

இனி ஊருக்கு வருவோம். நாரந்தனை, சரவணை, சுருவில், புளியங்கூடல் என்று வேலணைத்தீவின் எந்தக் கிராமத்தில் நின்றாலும் கடல் வெகு தூரமில்லை. சோளகம் வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், கதவின் பிணைச்சல் கத்தும், மோட்டார் சைக்கிள் சீற்றில் வெள்ளை படியும். காற்றில் உப்பு. அதையும் கருவி தூசு என்றே எண்ணும்.

பரவலாகப் பாவிக்கப்படும் மலிவான கருவிகள் தூசை நிறுப்பதே இல்லை. ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சி, துகளில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு எடையை ஊகிக்கின்றன. உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிவது எல்லா வீட்டிலும் நடப்பது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துணிக்கை நீரை உறிஞ்சிக் கரைந்து பருக்கும். பருத்த துளியைக் கண்ட கருவி, பெரிய தூசு என்று கூட்டிச் சொல்லும். ஆக, தீவுப்பகுதியில் ஒரே எண் இரண்டு பருவத்தில் இரண்டு பொருள் தரலாம். சோளகத்து எண்ணில் பாதி கடலாக இருக்கலாம். வாடையின் எண்ணில் டீசலும் வைக்கோலும் பொலித்தீனும் இருக்கலாம். கைபேசியில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

இதை வைத்து, ‘எங்கட எண் எல்லாம் உப்புத்தான்’ என்று ஆறுதல் கொள்ளத் தேவையில்லை. அப்படிச் சொல்ல விரும்பும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் இருப்பார்கள். எந்தக் கூறு எவ்வளவு கெடுதி என்று தனித்தனி எல்லை போடும் அளவுக்கு உலக சுகாதார நிறுவனமே இன்னும் துணியவில்லை. 2021 வழிகாட்டியில் கருங்கரி, அதிநுண் துகள், மணற்புயல் தூசு ஆகியவற்றுக்கு அறிவுரைகளை மட்டும் தந்தது. ஆகவே எடையின் எல்லை இருக்கத்தான் வேண்டும். அதன் மேல் நஞ்சின் கணக்கும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்திய காற்றுத்தரச் சட்டத்தில், பெரிய கண்காணிப்பு நிலையங்களில் ஒட்சியேற்ற ஆற்றலையும் அளக்கும்படி பரிந்துரை சேர்ந்துவிட்டது.

அரை முழத்தில் இருக்கும் ஆபத்து

வடக்கே இருந்து வரும் காற்றைப் பற்றிப் பேசுவது சுலபம். குற்றவாளி கடலுக்கு அப்பால். ஆனால் நஞ்சின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், முதலில் நிற்பது விறகுப் புகையும் குப்பைப் புகையும். இரண்டும் நம் வளவுக்குள்ளேயே.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றோம். அப்போது விறகடுப்புக்குத் திரும்பியவர்கள் எல்லோரும் மீண்டு வந்துவிடவில்லை. தீவுப்பகுதியில் அது திரும்புதலும் அல்ல, பல வீடுகளில் அடுப்பு அணைந்ததே இல்லை. பனைமட்டை, கொக்காரை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை: காசு கொடுக்காமல் கிடைக்கும் விறகு. காற்றோட்டமில்லாத குசினியில் நுண்தூசு, ஏற்கத்தக்க அளவைப்போல நூறு மடங்குக்கும் போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020 இல் வீட்டுப் புகையால் உலகில் இறந்தவர்கள் 32 இலட்சம் பேர் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 2,37,000 க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

யாருக்கு என்ன வருகிறது என்பதை ஊர்ச் சொற்களிலேயே சொல்லலாம். குழந்தைக்குச் சளி, பின் நியூமோனியா. கிழவிக்கு முட்டு. புகைபிடிக்காத பெண்ணுக்கு, புகைபிடித்தவருக்கு வரும் நெஞ்சு வருத்தம். கண்ணில் பூ விழுவதற்கும் அடுப்புப் புகைக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு அடுப்பூதுபவருக்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் அபாயம் கூடுகிறது. கிளினிக்கில் ‘சிகரெட் பிடிக்கிறனீங்களா?’ என்று கேட்பார்கள். அடுப்பு விறகா, புகைக்கூடு இருக்கிறதா என்ற கேள்வி கொப்பியில் ஏறினால், எங்கள் பெண்களின் வருத்தங்கள் பாதிக்குக் காரணம் கிடைக்கும் என்பது என் ஊகம்.

▪ பெட்டிச் செய்தி: வீட்டைச் சுற்றிய புகை

நுளம்புத்திரி: ஒரு திரி முழுவதும் எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட்டின் அளவுக்குச் சமம் என 2003 இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. டெங்குப் பயத்தில் கதவைச் சாத்தித் திரி கொளுத்துவதைவிட நுளம்பு வலை மேல்.

பிளாஸ்ரிக்: பி.வி.சி. குழாய், வயர் உறை போன்றவை முற்றத்து நெருப்பில் எரிந்தால் டையொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது புகையோடு போய்விடுவதில்லை. மண்ணிலும் பசுப்பாலிலும் சேரும்.

டீசல் புகை: 2012 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதைப் புற்றுநோய் தரும் முதல் வகுப்பில் சேர்த்தது. வெளிக்காற்று மாசையும் 2013 இல் அதே வகுப்பில் வைத்தது.

கடலுக்கு அப்பால் ஓடும் ஜெனரேற்றர்

குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் நயினாதீவு, நெடுந்தீவு. இந்தத் தீவுகளும் அனலைதீவும் பெருநிலத்து மின்கம்பியோடு இணையாமல், பல ஆண்டுகளாக டீசல் ஜெனரேற்றரில் வெளிச்சம் கண்டவை. இங்கே சூரிய, காற்று மின்சாரம் வைக்கும் திட்டம் 2021 இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியா முகம் சுளித்ததில் நின்றுபோனது. பின் இந்திய அரசாங்கத்தின் 110 இலட்சம் டொலர் நன்கொடையில், 2024 மார்ச் 1 அன்று புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது: 1,700 கிலோவாற் சூரிய மின், 530 கிலோவாற் காற்று மின், சேமிக்க மின்கலம், ஆபத்துக்கு உதவ மட்டும் டீசல். இரு பெரிய நாடுகளின் இழுபறியாகவே இந்தச் செய்தி எழுதப்பட்டது. ஜெனரேற்றருக்குக் காற்றுக்கீழாகக் குடியிருப்பவர்களின் நெஞ்சைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஒரு வடிதாள் போதும்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் காற்றின் எடையைப் பார்க்கின்றன. அந்த வேலை தொடரட்டும். தீவுப்பகுதிக்குக் கேட்பது கோடிக்கணக்கில் செலவாகும் காரியம் அல்ல. தண்ணீர்த் தாங்கி ஒன்றின் மேல் காற்றை உறிஞ்சும் பம்பி, அதில் வாரத்துக்கு ஒரு வடிதாள், சோளகம் வாடை இரண்டிலும் ஓர் ஆண்டுக்கு. அந்தத் தாளைக் கழுவி, விற்றமின் சி எவ்வளவு வேகத்தில் தீர்கிறது என்று பார்க்க, பல்கலைக்கழக இரசாயனவியல் ஆய்வுகூடம் ஒன்று செய்யக்கூடிய பரிசோதனை போதும். வடக்கே இருந்து வருவது எவ்வளவு, வளவில் கொளுத்துவது எவ்வளவு என்ற பழைய வாக்குவாதம் அன்றைக்குத் தீரும். அதே பம்பியை ஒரு குசினிக்குள்ளும் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

வடிதாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. குசினிக்கு ஒரு புகைக்கூடு. விறகை மழைக்கு முன் கூரைக்குக் கீழ் அடுக்கிக் காய வைப்பது. ஈர விறகின் புகை காய்ந்த விறகினதைவிட மிக மோசம். அடுப்படியில் பிள்ளையை இடுப்பில் வைத்திராமல் விறாந்தையில் விடுவது.

குப்பையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு அனுப்பி வளவு துப்பரவாக்கச் சொல்கிறார்கள். துப்பரவு என்றால் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பது என்றாகிவிட்டது. இந்த மண்ணின் வழக்கம் அதுவா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வீடு வேய்ந்த பழைய பனையோலைக்கும் வேலி அடைத்த ஓலைக்கும் போட்டியாம். தோட்டக்காரர்கள் வண்டில் கொண்டுவந்து ஏற்றிப்போய், கிடங்கு வெட்டித் தாழ்ப்பார்களாம், அதுதான் பசளை. ஓலையைக் கொளுத்தினவனை ஊரே ஏசும்.

நாளைக் காலை முற்றம் கூட்டும்போது நெருப்புப்பெட்டியை உள்ளே வைத்துவிடுங்கள். பொலித்தீனைப் பொறுக்கி ஒரு உரப்பையில் போட்டுப் பிரதேச சபை வண்டிக்குக் கொடுங்கள். சருகையும் ஓலையையும் தென்னை அடியில் தாட்டுவிடுங்கள்.